வல்லசீட்டோ: பாலைவன விளிம்பில் ஒரு தபால் வண்டி நிலையம்

[காட்சி: தெற்கு கலிபோர்னியா வரைபடம். யூமாவிலிருந்து மேற்கே ஒரு கோடு நகர்கிறது.]

குரல்: 1850-களில், அரிசோனா எல்லையிலுள்ள யூமாவில் கொலராடோ ஆற்றைத் தாண்டி மேற்கே வரும் வண்டிக்கு, அடுத்த நூறு மைலுக்கு மணல்தான். வழியில் தோண்டிய கிணறுகளில் ஊறியது கொஞ்சம், அதுவும் உவர். காரிசோ ஓடைக்கு வந்தால்தான் ஓடும் நீரைப் பார்க்கலாம். போதிய மேய்ச்சல் அங்கும் கிடையாது. அங்கிருந்து 9 மைலில் பாம் ஸ்பிரிங் (இன்றைய பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் வேறு). இன்னும் 9 மைல் போனால் வல்லசீட்டோ. இங்கேதான் தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைத்தன. நிலையம் இங்கே அமைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

[காட்சி: சுவர், மிக அருகில்.]

1852-இல் எழுந்த கட்டடம் இது. சுடாத மண்கல் அறுக்க வேண்டுமென்றால் மண்ணைக் குழைத்து, வைக்கோல் சேர்த்து, அச்சில் வார்த்து, வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். இங்கே அந்த வேலையே இல்லை. ஊற்றைச் சுற்றியிருந்த சதுப்புப் புல்தரையை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி, அப்படியே அடுக்கினார்கள். வைக்கோல் செய்யும் வேலையைப் பின்னிய புல்வேர் செய்தது. தடித்த சுவர் என்பதால் பகல் வெயில் உள்ளே இறங்க நேரமாகும்.

குறையும் அதே மண்ணில்தான் இருந்தது. சதுப்பு மண்ணில் உப்பு அதிகம். அடியிலிருந்து ஈரம் ஏறி, வெயிலில் காயும்போது உப்பு பூத்து, சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிரும். கூரை விழுந்துவிட்டால், அரிதாகப் பெய்யும் மழையே சுவரைக் கரைத்துவிடும்.

[காட்சி: கோவேறு கழுதைகள், தபால் பைகள்.]

1857-இல் சான் அன்டோனியோ – சான் டியேகோ தபால் தடம் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் ஜேம்ஸ் பர்ச். மேற்குக் கோடியில் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி, கோவேறு கழுதை மேல் ஏறிப் போக வேண்டியிருந்ததால், ‘கழுதைத் தபால்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மறு ஆண்டு ஜான் பட்டர்ஃபீல்டின் வண்டிகள் வந்தன. ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் ஒப்பந்தம், வாரம் இருமுறை, சுமார் 2,800 மைலை 25 நாளில் கடக்க வேண்டும். 1858 செப்டம்பர் 16-இல் செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பிய முதல் தபால், அக்டோபர் 10-இல் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. இந்த வேகம் நிலையங்களால்தான் சாத்தியமானது. வண்டி நெருங்கும்போதே ஊதுகொம்புச் சத்தம் கேட்கும். பணியாளர்கள் வண்டி இழுக்கும் அடுத்த ஜோடி விலங்குகளுக்குச் சேணம் பூட்டித் தயாராக நிற்பார்கள். சில நிமிடத்தில் மாற்றிப் பூட்டிவிட்டு வண்டி கிளம்பிவிடும், இரவானாலும் சரி.

பாலைவனத் தடத்தில் ஓடியது கனமான கான்கார்டு வண்டி அல்ல. கேன்வாஸ் கூரை போட்ட இலகுவான வண்டி. மணலில் புதையாமலிருக்க அகலமான இரும்புப் பட்டை. வறண்ட காற்றில் சக்கரத்தின் மரம் சுருங்கும்; பட்டை தளர்ந்து ஆடும். கவனிக்காமல் ஓட்டினால் நடுவழியில் கழன்றுவிடும். மரத்தை நனைத்து உப்ப வைப்பது உடனடி வைத்தியம். அதற்கும் தண்ணீர் வேண்டும், அது நிலையத்தில்தான் இருந்தது.

[காட்சி: பாக்ஸ் கணவாய், குறுகிய பாறை இடுக்கு.]

நிலையத்திலிருந்து சில மைல் வடமேற்கே இந்த இடுக்கு. 1847 ஜனவரி 19-இல் பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் தலைமையிலான மார்மன் படையினர் (அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த மார்மன் மதப் பிரிவினர்), கையிலிருந்த கோடரி போன்ற சில கருவிகளால் பாறையைச் செதுக்கி வண்டிக்கு வழி வெட்டினார்கள். அந்த வேலை நடந்திராவிட்டால் பட்டர்ஃபீல்டின் தடம் இப்பக்கம் வந்திருக்குமா என்பதே சந்தேகம். இந்தப் பாதையின் கதையில் அவர்களுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

[காட்சி: இன்றைய கட்டடம்.]

டெக்சாஸ் அமெரிக்காவிலிருந்து பிரிந்ததும், 1861 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் தபாலை வடக்கே, நாட்டின் நடுப்பகுதி வழியே போகும் மத்தியத் தடத்துக்கு மாற்றியது. உள்நாட்டுப் போரில் படைகள் இவ்வழியே நடந்தன. 1877-இல் சதர்ன் பசிபிக் ரயில், வடக்கே வேறொரு கணவாய் வழியாக யூமாவை எட்டியதும் இந்தச் சாலைக்கு வேலையில்லாமல் போனது. பிறகு சுவர்கள் கரைந்தன. இப்போது நிற்பது 1934-இல் திரும்பக் கட்டியது. மாவட்டப் பூங்காவுக்குள், எஸ்-2 சாலையோரம் இருக்கிறது. கோடையில் பூங்காவை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போங்கள், தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள்.