செவ்வாயில் இறங்க எவ்வளவு செலவாகும்?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒன்றியக் குழு உறுப்பினர் அவர்களே, வேலை நேரம் முடிந்தும் நமக்காகக் காத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய பந்தல் கடை அண்ணன் அவர்களே, மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஐயா அவர்களே, அவர் அழைத்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. இந்தக் கூட்டத்துக்கு அனுமதி வாங்கித் தந்தவர் உறுப்பினர் அவர்கள்தான். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது முறையாகாது.

செவ்வாயில் ஒரு கலத்தை இறக்குகிறவர்களுக்குப் பணம், எடை, காலம் என்று மூன்று நெருக்கடிகள். மூன்றையும் பேசலாம் என்றுதான் வந்திருக்கிறேன். நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: பதறாத காரியம் சிதறாது. இன்றைய பொருளுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

முதலில் பணம். 1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களுக்கு அந்தக் காலத்துக் கணக்கிலேயே சுமார் 100 கோடி டாலர் ஆனது. அதன்பின் இருபது வருடம் அமெரிக்கா அங்கே எதையும் இறக்கவில்லை. 1992-இல் நாசாவின் தலைவராக வந்த டேனியல் கோல்டின் ‘வேகமாக, சிறப்பாக, மலிவாக’ என்று ஒரு வழியைப் போட்டார். அந்த வழியில் போன பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று காற்றுப்பைகளில் துள்ளி உருண்டு பத்திரமாக நின்றது. செலவோ வைக்கிங்கில் ஒரு சிறு பங்கு. உடனே ஆசை கூடிவிட்டது. அந்த ஒரு கலத்தைச் செய்த பணத்தில் ஏறத்தாழ அதே அளவுக்குள், அடுத்த முறை ஒரு சுற்றுகலமும் ஒரு தரையிறங்கியும் செய்யச் சொன்னார்கள்.

அந்தத் தரையிறங்கியின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், மாணவர்களே. மார்ஸ் போலார் லேண்டர் என்று பெயர். செவ்வாயின் தென்துருவப் பக்கம் இறங்க வேண்டும். நாள் 1999 டிசம்பர் 3. மூன்று கால்கள் மடங்கி இருக்கின்றன. தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அவை ‘டக்’கென்று விரிய வேண்டும். ஒவ்வொரு காலிலும் ஓர் உணரி. கால் தரையைத் தொட்டதும் அது செய்தி சொல்லும், கணினி எஞ்சினை அணைத்துவிடும். சரி, இதில் என்ன சிக்கல்? கால் விரியும்போது ஏற்படும் உதறலில், தரையைத் தொட்டுவிட்டதாக உணரி ஒரு பொய்ச் செய்தி தரும். மென்பொருள் அந்தச் செய்தியை அழிக்காமல் நினைவில் வைத்திருந்தது. நாற்பது மீட்டர் உயரத்துக்கு வந்ததும், ‘தொட்டாயிற்றா?’ என்று அது பார்க்கிறது. ‘ஆயிற்று’ என்று பழைய குறிப்பு இருக்கிறது. எஞ்சின் நின்றது. மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் கலம் தரையில் மோதியது. விசாரித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்கிறார்கள்.

ஏன் ‘பெரும்பாலும்’? இறங்கும்போது கலம் பூமிக்குச் செய்தி அனுப்பும் வசதியைச் செலவு கருதி விட்டுவிட்டார்கள். அது போனது எப்படி என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள். கால் விரியும் சோதனையைத் தரையில் செய்தார்கள். அப்போது உணரிகளுக்கு வயர் தப்பாக இணைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஆனால் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை! செய்திருந்தால் அந்தப் பொய்ச் செய்தி அங்கேயே பிடிபட்டிருக்கும். பதறாத காரியம் சிதறாது. இங்கே பதறினார்கள், சிதறியது. கூடவே செய்த சுற்றுகலமும் அதே ஆண்டு செப்டம்பரில் அளவு அலகுக் குழப்பத்தால் அழிந்திருந்தது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்ஃபைண்டரில் போன பத்தரை கிலோ ஊர்தியைக் காற்றுப்பைக்குள் வைத்து உருட்டிவிடலாம். 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி 900 கிலோ. அதைப் பை தாங்காது என்று, மேலே எஞ்சின் பலத்தில் நின்ற ஒரு கலத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இறக்கினார்கள். அந்தத் திட்டத்துக்கு 250 கோடி டாலர். இதை மட்டுமே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

என் மனம் அந்த விசாரணை அறிக்கைகளில்தான் நிற்கிறது. நாசா அமைத்த, தாமஸ் யங் தலைமையிலான விசாரணைக் குழு, அந்தத் திட்டத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் பணம் போதவில்லை என்று எழுதியது. செய்தி அனுப்பும் வசதியை நீக்கியது தவறு என்று தன் அரசின் நிறுவனத்தைப் பார்த்தே சொன்னது. 2000-ஆம் ஆண்டிலேயே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அது வெளியானது. பலன் என்ன? ரத்தான 2001-ஆம் வருடத்துத் தரையிறங்கி ஒன்று கிடங்கில் கிடந்தது. அதை எடுத்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சோதனை மேல் சோதனை செய்து ரேடார் உட்படப் பல குறைகளைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபீனிக்ஸ். 2008 மே 25 அன்று செவ்வாயின் வடபகுதியில் கால் ஊன்றி, மண்ணுக்கடியில் பனிக்கட்டி இருப்பதைத் தோண்டிக் காட்டியது. அதே வடிவமைப்பில் செய்த இன்சைட், நிலநடுக்கக் கருவியில் கசிவு தெரிந்ததும் 2016-இல் கிளம்பாமல் நின்றது. செவ்வாய்க்குப் புறப்பட 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. கூடுதலாக 15 கோடி டாலர் ஆனாலும் பரவாயில்லை என்று காத்திருந்து, 2018-இல் பத்திரமாக இறங்கியது. பதறாத காரியம் சிதறாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2019-இல் சந்திரயான்-2 தரையிறங்கி நிலவில் மோதியது. நம் விஞ்ஞானிகள் காரணங்களைத் தேடிக் கண்டுபிடித்து, கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-ஐ நிலவில் இறக்கிச் சாதித்தார்கள். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குப் பெருமை. ஆனால் சந்திரயான்-2 தோல்வியின் முழு அறிக்கை மக்கள் கைக்கு வரவில்லை. வர வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன்.

விண்வெளியோடு ஏன் நிறுத்த வேண்டும்? மேல்நிலைத் தொட்டி இடிகிறது, பள்ளிச் சுவர் விழுகிறது, விசாரணைக் குழு போடுகிறார்கள். அறிக்கை எங்கே? நம் வரிப்பணத்தில் கட்டியது, நம் பிள்ளைகள் தலைமேல் நிற்பது. அந்த அறிக்கை தமிழில், இதோ இந்த நூலக மேசையில் இருக்க வேண்டாமா? இதற்காகத்தான் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறோம்.

மனுத்தாள் நாளிதழ் மேசையில் இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன். அப்புறம் மற்றவர்கள் வரிசையாக வாருங்கள். மாணவர்கள் பெற்றோரிடம் காட்ட ஆளுக்கு ஒரு படிவம் எடுத்துப் போகலாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் நூலகர் அம்மாவிடம் திருப்பித் தந்துவிடுங்கள்.