கழுநீரும் முந்திரிப்பழமும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் கடலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வைட்டமின் என்றதும் பிள்ளைகள் ஏ, பி, சி, டி என்று ஒப்பிப்பார்கள். நான் சோற்றுப்பானையிலிருந்து தொடங்குவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவில் ஐக்மான் என்றொரு டச்சு மருத்துவர் இருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் துவண்டு விழுந்தன. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் இருந்தது இன்று நாம் பி1 என்று சொல்லும் தயமின். சோற்றிலிருந்து உடம்பு சக்தி எடுக்க அது வேண்டும். குறைந்தால் நரம்பும் இதயமும் தளரும். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது பி1 அரிசிக்குள்ளே இறங்கிவிடும். அதனால்தான் புழுங்கலரிசியில் அது கூடுதலாகத் தங்குகிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நாலு தண்ணீர் விட்டுக் களைகிறோம், கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். எங்கள் வீட்டில் கழுநீர் மாட்டுக்குப் போகும். மாடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

ஏ வைட்டமின் கண்ணுக்கு, குறைந்தால் மாலைக்கண். முருங்கைக்கீரையை ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வதக்குங்கள், எண்ணெய் இருந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். டி எலும்புக்கு, வெயில் பட்டால் தோலே தயாரித்துக்கொள்ளும். முதுநகர் துறைமுகத்தில் இறங்கும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் டி உண்டு, ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12-உம் உண்டு. சைவக்காரர்கள் பி12-க்குப் பால், தயிரை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஏ, டி மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். அவை உடம்பில் தங்கும், மிஞ்சினால் கெடுதல்.

சி வைட்டமினுக்கு வருகிறேன், அதில்தான் எனக்கு ஆதங்கம். சித்திரையில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, சிவப்பும் மஞ்சளுமான பழத்தை மரத்தடியில் போட்டுவிடுவார்கள். ஈ மொய்த்துக் கிடக்கும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு சி அந்தப் பழத்தில் இருக்கிறது. ஈறு உறுதிக்கும் புண் ஆறுவதற்கும் அது வேண்டும். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அதுதான் துணை. தொண்டை கரகரக்கும் என்று ஒதுக்குகிறோம். வட்டமாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, மிளகாய்த்தூள் தூவித் தின்று பாருங்கள். சாறு மட்டும் சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது. வணக்கம்.