அலமாரிக்குப் பின்னால் ஒன்பது நாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மீட்டெடுத்த பூனை புது வீட்டில் ஒட்டிக்கொள்வது நம் அன்பினாலா, பொறுமையினாலா?" இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. பொறுமையினால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "அடிபட்டு, கூண்டில் கிடந்து வந்த உயிருக்கு அணைக்கும் கை ஒன்று போதும், அந்தக் கையின் சூட்டில் எல்லாப் பயமும் கரைந்துவிடும்" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஓராண்டுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் முகிலை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

முகில் சாம்பல் நிறப் பூனை. இரண்டு வயது இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். இடது காதின் ஓரம் கிழிந்து ஆறியிருந்தது. வீட்டுக்கு வந்து கூண்டைத் திறந்ததுதான் தாமதம், வயிறு தரையில் உரச ஓடிப்போய்ப் புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்துகொண்டாள். இரண்டாம் நாள் எனக்கு மனம் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டு, முன்னங்கால்களைப் பற்றி மெல்ல வெளியே இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவள் கீறவில்லை, கடிக்கவில்லை. அசையாமல் இருந்தாள். பாருங்கள், அடங்கிவிட்டாள் என்று வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னேன். அப்போதுதான் என் சட்டையில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. பயத்தில் சிறுநீர் கழித்திருந்தாள். குனிந்து பார்த்தால், கண்ணில் மஞ்சள் நிறமே தெரியவில்லை. கருமணி முழுவதுமாக விரிந்து கண்ணை அடைத்திருந்தது. என் கைக்குள் இருந்தது அடங்கிய பூனை அல்ல, நடுநடுங்கி உறைந்துபோன பூனை.

நடுவர் அவர்களே, அந்த நிமிடத்தில் என்னிடம் அன்புக்குக் குறைவே இல்லை. அவளுடைய பயத்தை இரட்டிப்பாக்கியதும் அந்த அன்புதான்.

ஏன் என்று பிறகு புரிந்தது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும் விலங்கு அது. ஆனால் உருவத்தில் சிறியது என்பதால், தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரையாகவும் கூடும். ஒளிந்துகொள்வதுதான் அதன் முதல் தற்காப்பு. ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு கை இழுக்கிறது என்றால், அது அணைக்க வந்த கையா, பிடித்துப்போக வந்த கையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள்தாம் முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. பெட்டிக்கு அன்பு காட்டத் தெரியாது. யாரும் தொடாத ஒரு மறைவைத் தரத்தான் அதற்குத் தெரியும். அதுவே அந்தப் பூனைகளுக்குப் போதுமாக இருந்தது.

அணைத்த நாளுக்குப் பிறகு முகில் ஒரு முழு நாள் தட்டைத் தொடவில்லை. மருத்துவரை அழைத்தேன். பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். "தட்டை அவள் இருக்கும் இடுக்கின் வாயிலில் வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள்" என்றார். நான் வெளியே போனதுதான் அன்று அவளுக்கு நான் செய்த மிகப் பெரிய நன்மை. காலையில் தட்டு காலியாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். காப்பகத்திலிருந்து அவளோடு வந்த பழைய போர்வையைத் துவைக்கக் கூடாது என்றார். அழுக்கேறி, ரோமம் அப்பிக் கிடந்த போர்வை அது. பாசமுள்ள எந்தக் கையும் அதைத் துவைக்கத்தான் துடிக்கும். ஆனால் பூனைக்கு வீடு என்பது முதலில் வாசனை. கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நாற்காலிக் காலிலும் கதவு மூலையிலும் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, இது எனக்குப் பழகிய இடம் என்று தன் வாசனையால் எழுதி வைத்துக்கொள்கிறது. புது வீட்டில் அந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே வரி அந்தப் போர்வை.

எதிரணித் தலைவர் எழுந்து, "பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது, அதிலென்ன பெருமை?" என்று கேட்டார். ஐயா, தினமும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் தட்டை வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் அவள் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைக் கிளறி, எத்தனை ஈரக் கட்டிகள் என்று எண்ணிப் பாருங்கள். பூனைக்குச் சிறுநீர் வராமல் போனால், அதிலும் ஆண் பூனைக்கு என்றால், ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். அது சும்மா இருப்பவர் கண்ணில் படாது. மாலையில் அவள் இருக்கும் அறையில் தரையில் அமர்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அவளைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் புத்தகம் வாசித்துப் பாருங்கள். திரும்பிப் பார்க்கச் சொல்லி உள்ளம் கெஞ்சும். திரும்பக் கூடாது. தப்பித் தவறிக் கண்கள் சந்தித்தால், இமைகளை மெல்லப் பாதி மூடித் திறக்க வேண்டும். சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. மெல்லக் கண் சிமிட்டிக் காட்டினால், அறிமுகமில்லாத மனிதரிடம்கூடப் பூனை நெருங்கி வர வாய்ப்பு கூடுகிறது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது இதுதான் என்பேன்.

தோழி ஒரு குட்டியைப் பற்றிச் சொன்னார். வந்த அன்றே மடியில் தூங்கிவிட்டதாம். மகிழ்ச்சி. ஆனால் பூனைக்குட்டி மனிதரோடு பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் ஏறத்தாழ இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அந்த நாட்களில் அந்தக் குட்டியை யாரோ ஒருவர் தினமும் கையில் எடுத்துப் பழக்கியிருக்க வேண்டும். அவர் விதைத்த பொறுமையைத்தான் தோழி முதல் நாளிலேயே அறுவடை செய்தார். அந்தப் பருவத்தில் மனிதக் கையையே அறியாமல் வளர்ந்த பூனைக்கு, பத்து அணைப்பைச் சேர்த்துக் கொடுத்தாலும் அது ஈடாகாது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தணிய, பழக்கம் பிடிக்க, சொந்த வீடு என்று உணர. முகில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. இழுத்து அணைத்த அந்த இரண்டாம் நாளைத் தவிர, ஒன்பது நாள் அவள் முகத்தையே நான் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு சுவரில் சாய்ந்தபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அலமாரி ஓரத்தில் முதலில் மீசை தெரிந்தது. மீசை நுனியில் ஒட்டடை ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கு. ஒரு காலை எடுத்து வைப்பாள், நிற்பாள், காதை மட்டும் பின்னால் திருப்புவாள், அடுத்த காலை எடுத்து வைப்பாள். என் கால் மரத்துப் போயிருந்தது, அசைக்கவில்லை. என் பெருவிரல் அருகே வந்து நின்றாள். மூக்கின் நுனி விரலில் பட்டது. ஒரு கடுகளவு குளிர்ந்த ஈரம். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள். ஒட்டடை என் விரலில் இருந்தது. எட்டிப் பிடித்திருந்தால் பிடித்திருக்கலாம், நடுவர் அவர்களே. பிடிக்காமல் இருந்ததால்தான் மறுநாள் அவள் மறுபடி வந்தாள்.

"அந்தப் பொறுமையையும் பெற்றது அன்புதானே?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். காப்பகத்தில் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி தாம் தத்தெடுத்த பூனையை ஆறாம் நாள் திருப்பிக் கொண்டு வந்தார். கூண்டை மேசையில் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "எவ்வளவோ கொஞ்சினோம், இதற்கு எங்களைப் பிடிக்கவே இல்லை" என்றார். அந்த அழுகை பொய் அல்ல, அந்தப் பாசமும் பொய் அல்ல. அவரிடம் அன்பு நிறைய இருந்தது. ஏழாவது நாள்தான் இல்லை. கூண்டுக்குள் இருந்த பூனை மறுபடி முதல் நாளுக்குப் போனது, வேறொரு வாசனையில், வேறொரு மூலையில்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன்.

போன வாரம் நள்ளிரவில் பெரிய இடி. முகில் பழைய வழக்கப்படி அலமாரியை நோக்கித் தாவினாள். பாதி வழியில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கட்டிலில் ஏறி, போர்வைக்குள் புகுந்து, முதுகை என் விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை. பதினொரு மாதம் ஆகியிருந்தது.

இனி அந்த அலமாரியைச் சுவரோடு தள்ளி வைத்துவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். வேண்டாம் என்றிருக்கிறேன். அந்த இடுக்கில் அவளுடைய பழைய போர்வை இன்னும் துவைக்காமல் கிடக்கிறது.

நன்றி, வணக்கம்.