வலிப்பும் புரோலாக்டின் சோதனையும்

வணக்கம், நேயர்களே. பாம்பன் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் திடீரென விழுந்து கைகால்களை உதறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். இன்னொருவர் ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொல்வார். மூன்றாமவர், "காலையில் வீட்டில் சண்டை, அதனால்தான் நடிக்கிறாள்" என்பார். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். நல்ல பெயர் சாவிக்கொத்துக்குப் போய்விடும். அதை விடுங்கள். மூன்றாமவருக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூளையின் மின்னோட்டம் தாறுமாறாகி வருவது கால்-கை வலிப்பு. பார்வைக்கு அப்படியே இருந்தும், அந்த மின்கோளாறு இல்லாமல், மன நெருக்கடியால் உடல் தன் வசமிழந்து துடிப்பதும் உண்டு. அதுவும் நோய்தான், நடிப்பு அல்ல. ஆனால் வலிப்பு மாத்திரை அதற்குப் பயன்படாது. உளவியல் சிகிச்சை வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு ஹார்மோன் உதவும் என்று 1978இல் இங்கிலாந்து மருத்துவர் மைக்கேல் டிரிம்பிள் எழுதினார். அது புரோலாக்டின். தாய்ப்பால் சுரக்க வைப்பது. ஆண்களின் ரத்தத்திலும் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை அளவுக்கு மேல் விடாதபடி, ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி தடுத்து வைத்திருக்கிறது. பெரிய வலிப்பின் மின்பாய்ச்சல் அங்கே எட்டினால் தடை தளர்ந்து, ரத்தத்தில் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். மனம் சார்ந்த வலிப்பில் பொதுவாக ஏறாது.

சிக்கல் நேரத்தில்தான். வலிப்பு வந்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2005இல் வரையறுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். வந்து சேர்ந்து சீட்டு வாங்குவதற்குள் ஹார்மோன் இறங்கத் தொடங்கியிருக்கும். விசைப்படகில் விழுந்தவருக்கோ இந்தச் சோதனை என்ற பேச்சே இல்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தை எடுத்து, எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதி அனுப்பினாலே போதும். அளப்பது பிறகு நடக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, 6 மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

அளவு ஏறவில்லை என்பதற்காக "வலிப்பே இல்லை" என்று சொல்லிவிட முடியாது. உண்மையான பெரிய வலிப்பிலேயே 100 பேரில் சுமார் 60 பேருக்குத்தான் ஏறுகிறது. வெறும் மயக்கத்திலும் ஏறும் என்பதால் வெயிலில் சுருண்டு விழுந்தவரை இது பிரித்துக் காட்டாது. கர்ப்பம், பாலூட்டும் காலம், சில வாந்தி மாத்திரைகள், மனநல மருந்துகள் எல்லாம் கணக்கைக் குழப்பும். உறுதி செய்வது, வலிப்பு வரும்போதே வீடியோவுடன் எடுக்கும் மூளை அலைப் பதிவுதான்.

அதற்கு மதுரை வரை போக நேரலாம். அதுவரை, விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108க்குப் பேசுங்கள். வீட்டார் ஒருவர் கைபேசியில் முகம் தெரியப் படம் பிடிக்கட்டும். கண்கள் திறந்திருந்தனவா, இறுக மூடியிருந்தனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மனம் சார்ந்த வலிப்பில் அவை பெரும்பாலும் மூடியே இருக்கும்.