குன்னூர் மேடையில் சுருதி விலகியது யார்?

(திரையில்: மூடுபனி சூழ்ந்த ஓர் அரங்கத்தின் வாசல். உள்ளே ஒலிவாங்கியின் முன் ஒரு சிறுமி. அவளுக்குப் பக்கத்தில் புல்லாங்குழல் கலைஞர்.)

வணக்கம். குன்னூரில் டிசம்பர் மாதக் காலை ஒன்றில் பாட்டுப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் மேசையில் கச்சேரி பாடும் வித்வான் ஒருவரும், குரல் பயிற்சி ஆசிரியை ஒருவரும், மெல்லிசைப் பாடகர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார்கள். சிறுமி பாடத் தொடங்கியதும் அவளுடைய குரலும் புல்லாங்குழலின் நாதமும் ஒட்டாமல் உரசுகின்றன. மூவரும் 'சுருதி' என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். சிறுமி சரியான சுருதியிலேயே நின்றிருக்க, விலகியது புல்லாங்குழல்தான் என்றால் அந்தத் தண்டனை யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? மலையில் இது நடக்கக்கூடியது மட்டுமன்று. கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் விழா எனப் போட்டியின் பெயர் எதுவாக இருந்தாலும் சுருதி, தாளம், சொல் தெளிவு, பாவம் (பாடலின் உணர்ச்சியை வெளிப்படுத்துவது) ஆகியவையே பெரும்பாலும் மதிப்பெண் தாளில் இருக்கும் என்பதால், அந்த முன்னுரையை இத்துடன் விட்டுவிடுவோம்.

(திரையில்: புல்லாங்குழலின் குறுக்குவெட்டுப் படம், உள்ளே அலையாக அசையும் காற்று.)

புல்லாங்குழலில் நாதத்தைப் பிறப்பிப்பது மூங்கிலின் அதிர்வு அன்று, அதன் உள்ளே இருக்கும் காற்றின் அதிர்வு. அந்தக் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்கிறதோ அதற்கேற்பச் சுருதி ஏறும் அல்லது இறங்கும். ஒலியின் வேகமோ வெப்பநிலையைப் பொறுத்தது: 30 பாகை செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டராக இருக்கும் வேகம், 10 பாகையில் 337 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. வேறுபாடு மூன்றரை விழுக்காடுதானே என்று தள்ளிவிட முடியாது. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த மேல் ஸ வரையுள்ள தொலைவை, 1200 சென்ட் என்று பகுத்தால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு, அதாவது ஹார்மோனியத்தின் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும், இடைவெளி 100 சென்ட். இந்த மூன்றரை விழுக்காடு அதில் 60 சென்ட். அதாவது, மேட்டுப்பாளையத்தில் 30 பாகையில் சரியாக 5 கட்டையில் (ஹார்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டையின் சுருதியில்) நின்ற குழல், மலையேறி 10 பாகையில் குளிர்ந்து கிடந்தால், அதற்கு ஒட்டிக் கீழே உள்ள கறுப்புக் கட்டையான நாலரைக் கட்டையை நோக்கிப் பாதி வழிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அதில் ஆறில் ஒரு பங்கு விலகினாலே பயிற்சி பெற்ற செவி முகம் சுளிக்கும்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கக்கூடும். அது காரணமில்லை. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் காற்றழுத்தம் குறைவதால் ஒலியின் வேகம் மாறுவதில்லை. குளிரூட்டியை மிகுதியாக வைத்த சென்னை அரங்கிலும் குழல் இறங்கத்தான் செய்யும். குற்றவாளி குளிர் மட்டுமே.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று வருகிறது. கலைஞர் ஊத ஊத அவருடைய மூச்சின் வெம்மை குழலுக்குள் பரவி, இறங்கிய சுருதி மெல்ல மேலேறுகிறது. தேர்ந்த கலைஞர் உதட்டின் கோணத்தை மாற்றியும் மீதியைச் சரிக்கட்டுவார். கச்சேரி என்றால் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். போட்டியில் நடப்பது வேறு. அறிவிப்பாளர் சிறப்பு விருந்தினரின் பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் குழல் மீண்டும் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே காலையில் முதலில் பாடுபவருக்கும், நீண்ட உரைக்குப் பின் அழைக்கப்படுபவருக்கும் வாய்ப்பது குளிர்ந்த குழல். பொன்னாடை போர்த்தும் நேரத்துக்கும் ஒரு குழந்தையின் சுருதி மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் விழாக் குழுவினர் என்னை அடுத்த ஆண்டு உள்ளே விட மாட்டார்கள். இருந்தாலும் உண்மை அதுதான்.

வயலினின் உலோகத் தந்தியோ இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. குளிரில் தந்தி சுருங்க முற்படுவதால் இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது. குழல் கீழே, வயலின் மேலே, நடுவில் பாடகர்! மிருதங்கத்தின் தோல், பனியின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தளர்வதால், வாசிப்பவர் கல்லையும் மரக்கட்டையையும் கையிலேயே வைத்துக்கொண்டு வலந்தலையை, அதாவது வலப்பக்க முகத்தை, தட்டிச் சேர்த்தபடி இருக்க வேண்டும். பறை அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காய்ச்சுவதும் அந்தத் தளர்ச்சியைப் போக்கத்தான். பாடுபவருக்கு ஆதார சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் மின்னணுச் சுருதிப்பெட்டி மட்டும் இவை எதையும் பொருட்படுத்தாமல் அதே இடத்தில் நிற்கிறது. ஆகவே நடுவரின் செவி எதை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டால், என் பதில் சுருதிப்பெட்டியைத்தான். அது இல்லாமல் மலையில் பாட்டுப் போட்டி நடத்துவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

(திரையில்: மூடுபனி, அதன்மீது 9 கிராம், 44 கிராம் என்ற இரு எண்கள்.)

பாடகரின் தொண்டைக்கு வருவோம். குரல் நாண்கள் உடலின் வெப்பத்திலேயே இருப்பதால் புல்லாங்குழலுக்கு நேர்வது அவற்றுக்கு நேர்வதில்லை. அவற்றின் தொல்லை வறட்சி. இத்தனை பனியில் வறட்சியா என்று உதகைவாசிகள் சிரிக்கலாம். 10 பாகையில் உள்ள காற்று முழுமையாக ஈரத்தால் நிறைந்திருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று உடலின் வெப்பத்தை அடைந்து நிறைவுற வேண்டுமானால் 44 கிராம் தேவை. அந்தக் குறையை ஈடுகட்டும் ஈரம் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. மூக்கு வழியாக மெதுவாக இழுத்தால் வழியிலேயே காற்று பதமாகிவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவே வாயைத் திறந்து அவசரமாக இழுக்கும் பாடகருக்கு அந்த வசதி இல்லை. நாண்களின் மேற்படலம் உலர்ந்தால் அவற்றை அதிரச் செய்யக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்பட்டு, குரலை மெல்ல எடுக்கும் இடம் கரகரக்கிறது. மேடையேறும் முன் குடிக்கும் வெந்நீர் உணவுக்குழாயில் இறங்குகிறதே தவிர நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். பல மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடித்து வருவதும், ஆவி பிடிப்பதும்தான் உண்மையில் உதவும். ஊட்டி வர்க்கியைப் பாடி முடித்த பிறகு சாப்பிடுங்கள். அந்தப் பொடி தொண்டையில் ஒட்டினால் எந்த ராகமும் இருமலில்தான் முடியும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான் என்பதால், அன்று காலையே சமவெளியிலிருந்து ஏறி வந்தவருக்கு நீண்ட சங்கதியின் (ஒரே அடியை வேறுபடுத்திப் பாடும் சுர வரிசையின்) பாதியில் மூச்சு தேடும்.

இவற்றைக் கேட்கும் செவிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கச்சேரி பாடகர் கற்பனையையும் பாவத்தையும் தேடுகிறார். ஓர் இடத்தில் குரல் உடைந்தாலும் பாடல் உயிரோடு இருந்தால் மன்னிக்கிறார். குரல் ஆசிரியை அந்த உடைவு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறார்: தாடை இறுகியிருக்கிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, கட்டையே பொருந்தவில்லையா. ஐந்தரைக் கட்டைக் குரலுள்ள பெண்ணை, ஆண் குரலுக்காக அமைத்த கரோக்கே இசைக்குப் பாட வைத்தால் கீழ்ஸ்தாயி காணாமல் போவது அவளுடைய குறையன்று என்பதை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் ஆசிரியைதான். இருவரில் ஒருவரை மட்டும் அழைக்க முடியுமென்றால், குழந்தைகள் போட்டிக்கு நான் ஆசிரியையையே அழைப்பேன். ஒரு நிபந்தனை: அவரிடம் பயிலும் மாணவர் பாடும்போது அவர் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும்.

(திரையில்: மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டவணை.)

நல்ல செவிகள் சரியாகக் கேட்டாலும் கூட்டல் ஏமாற்றிவிடும். முதல் போட்டியாளருக்கு இரண்டு நடுவர்கள் தலா 74 தருகிறார்கள். இரண்டாமவருக்குத் தலா 70. மூன்றாம் நடுவர் தாராளமாக ஏற்றி இறக்குபவர்; முதலாமவருக்கு 55, இரண்டாமவருக்கு 85 என்று போடுகிறார். கூட்டினால் முதலாமவருக்கு 203, இரண்டாமவருக்கு 225. மூவரில் இருவர் முதலாமவரே மேல் என்று கருதியும் கோப்பை இரண்டாமவருக்குப் போகிறது. காரட் மூட்டையை எடை போடும்போது ஒருவர் மட்டும் தராசில் கையை வைத்தது போலத்தான் இது. அவர் வேண்டுமென்றே வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது.

உலகப் புகழ் பெற்ற மேடைகளும் இதிலிருந்து தப்பவில்லை. வார்சாவில் 2015-இல் நடந்த ஷோபன் பியானோ போட்டியின் இறுதிச் சுற்றில், நடுவர்களில் பெரும்பாலோர் 9 அல்லது 10 கொடுத்த சோங் ஜின் சோவுக்குப் பிலிப் ஆந்த்ரமோன் என்ற மூத்த கலைஞர் பத்துக்கு 1 போட்டார். சோதான் வென்றார், அங்கே நடுவர்கள் பலர் இருந்ததால் ஒரு 1 கவிழ்க்கவில்லை. நம் ஊர் மேசையில் மூவர் மட்டும் இருந்திருந்தால் கதை வேறு. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் அரசி எலிசபெத் இசைப் போட்டியில், வாசிக்கும் வரிசை குலுக்கலில்தான் முடிவாகிறது. அப்படியிருந்தும் பிந்திய நாட்களில் வாசித்தவர்களே மேலான இடங்களைப் பெற முனைகிறார்கள் என்று ஃப்ளோரேஸ், கின்ஸ்பர்க் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1996-இல் காட்டினார்கள். முதலில் பாடுபவருக்குக் குளிர்ந்த குழலோடு இந்தச் சுமையும் சேர்கிறது.

மூன்று நடுவர்கள் இருக்கும் போட்டிக்கு மருந்து எளியது: கூட்டலை விட்டுவிட்டு மூவர் தந்ததில் நடு மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மேலே கண்ட கணக்கில் அப்போது முதலாமவருக்கு 74, இரண்டாமவருக்கு 70. போட்டி தொடங்கும் முன் பரிசுக்கு வராத ஒருவரை ஒரு பாடல் பாடச் சொல்லி, நடுவர்கள் மூவரும் அதற்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுக்கொண்டால் ஏற்ற இறக்கம் அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பாடல் முடிவதற்குள் குழலும் சூடாகிவிடும். கோத்தகிரியிலோ கூடலூரிலோ போட்டி நடத்துபவர்கள் இந்தக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் மதிப்பெண் தாளில் எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன, முடிவை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். குளிரில் குழலைச் சட்டைக்குள் வைத்துக் காத்திருக்கும் கலைஞர்களும் தங்கள் வழக்கத்தைச் சொல்லலாம்.