கணக்கை ஒப்படைத்துவிட்டு வருதல்

(செவிலியர் நாளையொட்டிக் காரைக்குடியில் நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் என் தங்கைகளுக்கும் வணக்கம்.

'பன்னாட்டு நலவாழ்வுத் திட்டங்களில் செவிலியரின் பங்கு' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இதைப் பேசச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான சீமை எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளை. மதியச் சாப்பாட்டை நான்தான் தூக்குச்சட்டியில் கொண்டுபோவேன். வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய பேரேடுகள். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, கொழும்பு, சைகோன் என்று முதுகில் ஊர்ப் பெயர் எழுதி அடுக்கியிருக்கும். இந்தச் சீமையார் கடல் கடந்து 'கொண்டுவிக்க', அதாவது வணிகம் செய்யப் போன காலத்துக் கணக்குகள். கடல் தாண்டிப் போய் அங்கே கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளுக்கு மூன்று வருடத் தவணை என்று அப்பா சொல்வார். தவணை முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட முடியாது. அடுத்து வருபவரை உட்காரவைத்து, ஐந்தொகை எடுத்துக் காட்டி, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எவர் நாணயமானவர், எவரிடம் பார்த்து நடக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் ஒப்படைத்த பிறகுதான் கப்பல்.

நாங்கள் இதைத் தினமும் மூன்று வேளை செய்கிறோம். எங்கள் பேச்சில் அதற்கு 'ஓவர் கொடுப்பது' என்று பெயர். ஏழாம் நம்பர் கட்டிலில் இருக்கும் பாட்டிக்கு விடியற்காலை சர்க்கரை இறங்கியது, பன்னிரண்டாம் நம்பருக்கு இரத்தம் ஏற்றி அரை மணி நேரம்தான் ஆகிறது, மூலைக்கட்டில் பெண் இரவெல்லாம் அழுதாள், காரணம் சொல்லவில்லை. இத்தனையையும் அடுத்த செவிலியர் காதில் போட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகே வீடு.

நாடு விட்டு நாடு போய்ச் செய்யும் மருத்துவ உதவியை நான் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். உதவிக்குப் போனவர்கள் திரும்பிய மறுநாள் அந்த வார்டு நடந்ததா? யார் யாரிடம் எதை ஒப்படைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறவர் பெரும்பாலும் ஒரு செவிலியர். அவரைத்தான் திட்டம் தீட்டுகிறவர்கள் கடைசியில் நினைக்கிறார்கள்.

2000களின் தொடக்கத்தில் தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பச்சிளம் குழந்தைகள் பிரிவை வலுப்படுத்தும் திட்டம். பணம் ஒரு நாட்டுடையது, கருவிகள் இன்னொரு நாட்டுடையவை, ஆட்கள் நான்கைந்து நாட்டார். போன முதல் நாள் அந்தப் பிரிவின் மூத்த செவிலியர் என்னை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவரை எல்லோரும் 'மாமா' என்று அழைத்தார்கள். சுவாஹிலி மொழியில் அது அம்மா. நம் காதுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் ஒரே வாரத்தில் என் வாயிலும் அது அம்மாவாகவே வந்தது.

சுவரோரம் புத்தம் புதிய இன்குபேட்டர்கள், எடை குறைந்த குழந்தைகளைச் சூடாக வைக்கும் மின்பெட்டிகள், மூன்று நின்றன. இரண்டில் துவைத்த துணியை மடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவதில் பழைய நோயாளிச் சீட்டுகள். நாளில் பலமுறை மின்சாரம் போகும் ஊர் அது. உதிரிபாகம் அந்த நாட்டிலேயே கிடைக்கவில்லை. கையேடு அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. "அனுப்புவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டார்களா?" என்றேன். "வந்து இறங்கியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்" என்றார். அனுப்பிய நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கருவியை நாள் முழுவதும் கையாளப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பணத்தில் என்னென்னவோ செய்திருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

நான் போனது கங்காரு முறைப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க. எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி, அவள் உடல்சூட்டிலேயே வளர்ப்பது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. நான் பெட்டியில் நாடா வைத்துத் தைத்த பட்டிகள் பன்னிரண்டு கொண்டுபோயிருந்தேன். முதல் குழந்தை 1,400 கிராம். தாய்க்குப் பத்தொன்பது வயது இருக்கும். பட்டியைக் கட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் குழந்தை கீழே சரிந்து தலை துணிக்குள் போய்விட்டது. இறுக்கிக் கட்டினேன். வயிறு அழுந்திக் குழந்தை முனகியது. அந்தப் பெண் பயந்து அவிழ்த்துவிட்டாள்.

மாமா ஒன்றும் பேசாமல் வந்தார். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு "பொலே" என்றார். உன் வேதனை எனக்குப் புரிகிறது என்று பொருள். தடுக்கி விழுந்தவருக்கும் சொல்வார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் சொல்வார்கள். பிறகு அவளுடைய காங்காத் துணியையே எடுத்தார். காங்கா என்பது அங்கே பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி. அதை இரண்டாக மடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு முடிச்சுப் போட்டார். குழந்தை அசையவில்லை. மூச்சு சீராக வந்தது. அந்த முடிச்சு அவர்கள் பாட்டி காலத்து முடிச்சு. முதுகில் பிள்ளை கட்டுவதற்கு உள்ளது. அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். என் பன்னிரண்டு பட்டிகளும் பெட்டியிலேயே இருந்துவிட்டன.

என் பங்குக்கு நான் கொடுத்தது ஒரு நோட்டு. குழந்தையின் எடை, உடல்சூடு, எத்தனை மில்லி பால், எத்தனை மணி நேரம் மார்பில் இருந்தது என்று கோடு போட்ட நோட்டு. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொன்னார்: 'தாய் சாப்பிட்டாளா?' முப்பது வருட அனுபவம் அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. தாய் சாப்பிடாத நாளில் அடுத்த நாள் பிள்ளையின் எடை நிற்பதை நாங்கள் அந்த நோட்டிலேயே பார்த்தோம். திட்டம் முடிந்து வண்டிகளும் ஆட்களும் போய்ப் பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கடிதத்தில், நோட்டு நான்காவது நோட்டாகிவிட்டது, இப்போது பக்கத்து மாவட்டத்திலும் எழுதுகிறார்கள் என்றிருந்தது. அந்தக் கடிதத்தை நான் அப்பாவின் பழைய கைப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பின்னால் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகள். ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். உடல்நிலை தேறும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனேயே கங்காரு முறையில் வைத்த குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். தேறிய பிறகு வைத்தவற்றில் 15.7 சதவீதம். பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அந்தக் குழந்தைகளைத் தாயோடு சேர்த்துக் கட்டிவிட்ட கைகள் செவிலியர் கைகள்தான் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாடு, வெளிநாடு என்று பேசுகிறேன். நம் மாநிலத்துக்கு வருவோம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனை. ஊருக்கு வெளியே, மாதக்கணக்கில். படுக்கை கிடைக்காமலே இறந்தவர்கள் ஏராளம். இடநெருக்கடியில், அரை வயிற்றுக் கஞ்சியோடு வாழும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா என்பது கேள்வி. 1959இல் வந்த விடை, சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பது. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் வழி சென்னையிலிருந்து திறந்தது.

ஓராண்டு முழுவதும் தினமும் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பிறகு ஏன் விழுங்க வேண்டும் என்று தோன்றும். அப்போது வாசலில் வந்து நின்றவர்கள் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும். முன்னறிவிப்பு இல்லாமல் போவார்கள். மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீர் வாங்கிப் பார்ப்பார்கள். சொல்லும்போது எளிது. குடிசைக்குள் குனிந்து போய், மாத்திரையைக் கூரையில் செருகி வைத்திருப்பவரிடம் கோபப்படாமல் பேசி, நாளைக்கும் கதவைத் திறக்க வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. தொடங்கிய இடம் கொட்டாம்பட்டி ஒன்றியம்; நம் சிங்கம்புணரிக்குப் பக்கம். பிறகு அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் வந்தது, அதாவது நமக்கு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை. விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையைத் துணித்தொட்டிலில் உட்காரவைத்து எடை பார்த்தது இங்கே சில ஆச்சிமார்களுக்கு நினைவிருக்கும். கண் பட்டுவிடும் என்று எடை போட மறுத்த தாய்மாரை இணங்கவைத்தது வாஷிங்டனிலிருந்து வந்த அறிக்கை இல்லை. அந்த ஊரிலேயே இருந்த ஊட்டச்சத்துப் பணியாளரும், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வந்த நர்ஸம்மாவும்தான்.

கொள்ளைநோய் வரும்போது பங்கு இன்னும் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது 800க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் பாதிக்கு மேல் செவிலியர்களும் செவிலிய உதவியாளர்களும். நோயாளியின் வாந்தியைத் துடைத்தவர்கள், தாகம் என்றபோது தண்ணீர் கொடுத்தவர்கள். அந்த அக்டோபரில் கியூபாவிலிருந்து சியரா லியோனுக்கு 165 பேர் போய் இறங்கினார்கள். அதிலும் மருத்துவர்களைவிடச் செவிலியர்களே அதிகம்.

இத்தனைக்கும் பிறகு, திட்டக் கூட்டங்களில் செவிலியருக்கு எங்கே நாற்காலி? உலக சுகாதார நிறுவனத்திலேயே தலைமைச் செவிலிய அதிகாரி பதவி சில ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. 2017இல்தான் குக் தீவுகளைச் சேர்ந்த எலிசபெத் ஐரோ என்ற செவிலியரை அதில் அமர்த்தினார்கள். நம் சோழர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் பதினைந்து கட்டில் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்று வருகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர் இருவர் என்று எழுதும்போதே, நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் இருவரையும் சேர்த்து எழுதி, அவர்களுக்கான படியையும் கல்லில் வெட்டினார்கள். பதினோராம் நூற்றாண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மனத்தில் உறுத்திக்கொண்டே இருப்பது. 2023 கணக்குப்படி உலகில் 2.98 கோடி செவிலியர்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. இருப்பவர்களில் 78 சதவீதம் பேர், உலக மக்களில் பாதிக்கும் குறைவானவர்கள் வாழும் நாடுகளில் இருக்கிறார்கள். ஏழில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் பணியாற்றுகிறார். என் தங்கைகள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா கல்யாணக் கடனை அடைத்த பணம் அது, தம்பியைப் படிக்கவைத்த பணம் அது. ஆனால் ஒரு கையால் ஏழை நாட்டின் செவிலியர் பள்ளிக்கு நிதி கொடுத்து, மறு கையால் அங்கே படித்து வந்தவர்களை அள்ளிக்கொண்டு போவதை உதவி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. இதற்கு 2010இல் உலக நாடுகள் கூடி ஒரு நெறிமுறை வகுத்தன. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மாமாவின் வார்டில் நான் இருந்த இரண்டு ஆண்டுகளில் பயிற்சி முடித்த ஆறு பேரில் நான்கு பேர் வெளிநாடு போனார்கள். இரவில் முப்பது குழந்தைகளுக்கு இருவர்.

அதனால்தான் திட்டத்தோடு தொடர்புடைய எவரைப் பார்த்தாலும் கேட்கிறேன்: முதல் கூட்டத்திலேயே அந்த வார்டின் செவிலியரை உட்கார வையுங்கள், கருவி வாங்குமுன் கேளுங்கள், கடைசி ஆறு மாதத்தை ஒப்படைப்புக்கென்றே ஒதுக்குங்கள். அந்த ஆறு மாதமும் உள்ளூர்ச் செவிலியர் நடத்த வேண்டும், வந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பேச்சு போதும். செவிலியர் கல்லூரி மாணவி ஒருவர் மேடைக்கு வாருங்கள். பொம்மை ஒன்று வைத்திருக்கிறேன். இது என் அம்மாவின் கண்டாங்கிச் சேலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. இதற்கு இப்படிப்பட்ட துணிதான் வேண்டும். ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தபின் இதைப் பாதியாகக் கிழித்து முதல் பாதியை வார்டில் கொடுத்துவிட்டேன்.

குழந்தைக்குக் குல்லாய், காலுறை, அணையாடை, வேறு எதுவும் வேண்டாம். மார்பின் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். கால்கள் தவளைக் கால் போல மடங்கட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பி, இலேசாக மேலே. துணியின் மேல் ஓரம் குழந்தையின் காதுக்குக் கீழே நிற்க வேண்டும். இறுக்கம் மார்பில், வயிற்றில் இல்லை. இப்போது முடிச்சு. பின்னால் வேண்டாம், இங்கே, அக்குளுக்குக் கீழே. இன்னும் கொஞ்சம் மேலே. சரி, கையை எடுத்துப் பாருங்கள்.