தகவல் கேட்டும் பதில் இல்லை: புகார் எழுதவா, மேல்முறையீடு செய்யவா?

அடுத்த கேள்வி, கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அனுப்பியது. வாசிக்கிறேன். "எங்கள் வாய்க்காலைத் தூர்வார எவ்வளவு செலவானது, மணக்கடவு தடுப்பணையில் மாதவாரியாக எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பாசன அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டேன். ஏப்ரல் 3-ஆம் தேதி மனு போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை இருக்கிறது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கலெக்டருக்குப் புகார் கொடுத்தேன், முதலமைச்சர் அலுவலகத்துக்கும் எழுதினேன். ஜூன் பாதி ஆகிவிட்டது. இனித் திருவனந்தபுரத்தில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் புகார் எழுதட்டுமா?"

ஐயா, இப்போது எழுத வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்களுக்கு இந்தச் சட்டத்தில் வேலையே இல்லை. 30 நாளில் பதில் வரவில்லை என்றால் தகவல் தர மறுத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 7(2) பிரிவு சொல்கிறது. அதாவது மே 3-ஆம் தேதியோடு உங்களுக்கு மறுப்பு வந்துவிட்டது, ஒரு காகிதமும் வராமலேயே. அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும். அந்தக் கெடு ஜூன் 2-ஆம் தேதி முடிந்தது. நீங்கள் கலெக்டருக்கு எழுதினீர்கள் என்பதற்காக அது ஒரு நாள்கூடக் காத்திருக்காது.

சொல்லப்போனால், பதில் போடாத அலுவலருக்கு நினைவூட்டல் கடிதத்தைவிட வசதியானது வேறில்லை. அது அவருடைய மேஜைக்கே திரும்பி வருகிறது. கலெக்டருக்குப் போன புகாரும் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதப்பட்டு, சுற்றிச் சுற்றி அதே மேஜையில்தான் வந்து விழும். மேல்முறையீடு அப்படியல்ல. அது அதே துறையில் அவருக்கு மேலே இருக்கும் அதிகாரியிடம் போகிறது. அவர் 30 நாளில், காரணம் எழுதிவைத்தால் அதிகபட்சம் 45 நாளில், முடிவு சொல்லியாக வேண்டும். தகவல் தராதது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அலுவலருடையது, உங்களுடையது அல்ல.

கெடு தாண்டிவிட்டதே என்று கலங்காதீர்கள். தகுந்த காரணம் இருந்தால் தாமதமான மேல்முறையீட்டையும் ஏற்கலாம் என்று 19(1) பிரிவிலேயே இருக்கிறது. நீங்கள் சும்மா இருக்கவில்லை, கலெக்டருக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த நகல்களை இணைத்துத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டுங்கள். அந்தப் புகார்களுக்கு அந்த ஒரு பயனாவது கிடைக்கட்டும். அதிகாரி ஏற்காவிட்டால் அதே கேள்விகளோடு புதிய மனு போடலாம், அதற்குத் தடை இல்லை.

மேல்முறையீடு எழுதும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் கட்டணம் கட்டச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததா? வந்திருந்தால், அது புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. கடைசி நாளில் இப்படியொரு கடிதம் அனுப்பி நாளைக் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை என்றால், கெடு தாண்டியதால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்க இனி அவர்களுக்கு உரிமை இல்லை.

இனி ஆணையத்துக்கு வருவோம். முதல் மேல்முறையீட்டிலும் ஒன்றும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் அங்கே போகலாம். அங்கேயும் 18-ஆம் பிரிவின் கீழ் வெறும் புகாராக எழுதிவிடாதீர்கள். மணிப்பூர் வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: புகாரின் பேரில் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அது அரசுக் கணக்குக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. உங்களுக்கு வேண்டியது வாய்க்கால் கணக்கல்லவா? அதற்கு 19(3) பிரிவின் கீழ் இரண்டாம் மேல்முறையீடுதான் வழி. அதிலேயே அபராதமும் கேட்கலாம், உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் இழப்பீடும் கேட்கலாம்.

ஆணையத்தில் உடனே முடிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கீழே இருக்கிறவர்களுக்கெல்லாம் நாள் குறித்த சட்டம், ஆணையம் இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று குறிக்கவே இல்லை. 2005-இல் எழுதியவர்கள் விட்ட பெரிய ஓட்டை அது. ஆகவே முதல் மேல்முறையீட்டிலேயே வாங்கிவிடப் பாருங்கள்.

மணக்கடவுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்தில் ஓடும் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், அதை அளப்பது மணக்கடவில். தண்ணீரை வாங்கிக்கொள்கிற கேரளத்திடம் அந்த அளவு இல்லாமல் இருக்காது. 'தமிழ்நாட்டில் கேளுங்கள்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆழியாறு அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பது மட்டும் வேண்டுமானால் தமிழ்நாட்டு நீர்வளத் துறைக்குத் தனி மனு போடுங்கள். மனுக் கட்டணத்துக்கு ஒட்டும் நம்மூர்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் அங்கே செல்லாது, பொள்ளாச்சி போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மனுவின் இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்குத்தான் போகும்.

மனுவைத் தமிழில் எழுதியிருந்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் 6-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ் சிறுபான்மையினருக்கு உள்ள உரிமைக்காகத் தனியாகப் போராடுவோம், அதை வாய்க்கால் கணக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். மேல்முறையீட்டை மலையாளத்தில் எழுதி, ஒப்புகை அட்டையின் நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.